இருமாத மூக்கு

தமயந்தி பெருமை பேசாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வேறொரு கதை இருந்திருக்கும்; அதை யாரும் சொல்ல விரும்பியிருக்க மாட்டார்கள்.

கோவைக்குக் கிழக்கே, பழைய மில் ஒன்றை இடித்த இடத்தில் எழும்பியது வேங்கை வளாகம். நான்கு கட்டடம், நானூற்றுப் பதினாறு வீடு. ஒவ்வொரு வீட்டுச் சீலிங்கிலும் ஒரு சின்னத் தட்டு அளவுக்குப் புகை அலாரம் பதித்திருந்தது. கம்பெனிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வளாகத்து ஜனங்கள் அதை 'மூக்கு' என்றார்கள்.

மூக்குகளைப் பார்த்துக்கொள்கிறவள் கோகிலவாணி. வயது நாற்பத்தைந்து. சி கட்டடத்து நாலாம் மாடியில் அப்பாவோடு இருக்கிறாள். அலாரத்துக்குள் ஓடும் மென்பொருளை மூன்று நாளைக்கு முன்பு கம்பெனி எங்கோ இருந்தபடியே மாற்றிவிட்டது. அப்படி மாற்றினால் கோகிலா வீடு வீடாக ஏணியோடு போக வேண்டும், தூசு துடைக்க வேண்டும், சோதனைப் பட்டனை அமுக்க வேண்டும், அது கத்தியதும் வீட்டுக்காரரிடம் கைநாட்டு வாங்கி, 'சரி பார்க்கப்பட்டது' என்று தன் கையெழுத்தையும் போட வேண்டும். ஏ கட்டடம் மூன்றாம் மாடியில், அன்று காலை பதினோரு மணிக்கு, அவள் ஏணியில் நின்று தூசு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்துப் பொழுதோட மகளையும் மாப்பிள்ளையையும் உக்கார வெச்சுத் திஷ்டி சுத்திப் போட்டேன் கண்ணு," என்றாள் கீழே ஏணியைப் பிடித்திருந்த வீட்டுக்காரி தமயந்தி. "பதினோரு மொளகா, ஒரு கை உப்பு. வாணல்ல போட்டுக் கருக்குனா, உன்ற மூக்கு இருமவே இல்லை. அத்தனை திஷ்டி. கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைப் பாத்தீல்ல? எத்தனை கண்ணு."

திஷ்டி மிளகாயைச் சுட்டு நெடி ஏறினால் கண் படவில்லை, ஏறாவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். மூக்குகள் வந்த பிறகு வளாகத்தில் கணக்கு கொஞ்சம் மாறியிருந்தது. மிளகாய்ப் புகை பட்டால் மூக்கு முதலில் 'க்ளுக் க்ளுக்' என்று இரண்டு தடவை இருமும், அப்புறம்தான் ஊளையிடும். மூக்கு இருமினால் திஷ்டி இல்லை, இருமாவிட்டால் உண்டு.

கோகிலா சிரித்துக்கொண்டே பட்டனை அமுக்கினாள். மூக்கு நன்றாகவே கத்தியது. "நீங்க யாரும் இருமலீங்களாக்கா?"

"இருமாம என்ன. நாங்க நாலு பேரும் இருமித் தள்ளிட்டோம். மாப்பிள்ளைக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஆனா மனுசன் தொண்டையை நம்ப முடியுமா? சளி புடிச்சிருந்தாலும் இருமும். மூக்கு பொய் சொல்லாதில்ல."

கோகிலாவின் கை துணியோடு அப்படியே நின்றது.

"நீங்க எப்பவாச்சும் இதுக்கு மொளகாப் புகையைப் பழக்கியிருக்கீங்களா? இருமும்போது 'நம்ம புகை'ன்னு பட்டனை அமுக்குனீங்களா?"

"நானா? நல்லாக் கேட்டே. சாம்பிராணிக்குப் பழக்குனேன். தாளிப்புக்குப் பழக்குனேன். மொளகாயை மட்டும் தொடவே விடலை. அதைப் பழக்கிட்டா அப்பறம் திஷ்டி இருக்குதா இல்லையான்னு நான் யாரைக் கேக்கறது?"

கோகிலா ஏணியிலிருந்து அவசரமாக இறங்கினாள்.

ஏன் என்று தெரிய, கொஞ்சம் பழைய சங்கதி வேண்டும். முதலில் வந்த அலாரங்கள் எதற்கெடுத்தாலும் கத்தின. கடுகு பொரிந்தால் கத்தும், சூடம் ஏற்றினால் கத்தும். ஜனங்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஆளுக்கொரு பால் கவரை அதன்மேல் மாட்டி ரப்பர் பேண்டு போட்டுவிட்டார்கள். அப்படி வாயைக் கட்டிய டி கட்டடத்து வீடு ஒன்றில், சார்ஜ் போட்டிருந்த பேட்டரி ஸ்கூட்டர் கூடத்திலேயே பற்றிக்கொண்டது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ரத்தினசாமிக்கு இரண்டு கையும் வெந்துபோனது. பாதி உருகிய அந்தப் பால் கவரைச் சீலிங்கிலிருந்து பிய்த்து எடுத்தவள் கோகிலாதான். அதற்குப் பிறகுதான் கற்றுக்கொள்கிற மூக்குகள் வந்தன. வீட்டுக்கு வீடு எது வழக்கமான புகை என்று மூன்று மாதத்தில் படித்துக்கொள்ளும், அதை மன்னித்துவிடும், மற்றதற்குக் கத்தும். பால் கவர்கள் மறைந்தன. ஜனங்கள் அலாரத்தை மறுபடி நம்ப ஆரம்பித்தார்கள்.

இப்போது தமயந்தி வீட்டு மூக்கு, தான் படிக்காத பாடத்தைத் தெரிந்துவைத்திருந்தது.

"அக்கா, இன்னும் ரெண்டு மொளகா போடுங்க," என்றாள் கோகிலா.

"இப்ப யாருக்குச் சுத்தோணும்? உனக்கா?"

"எனக்குன்னே வெச்சுக்குங்க."

வாணலியில் மிளகாய் கருகியது. தமயந்தி இருமினாள். கோகிலா இருமினாள். படுக்கையறையிலிருந்து மாப்பிள்ளையும் இருமுவது கேட்டது. மூக்கு மட்டும் பச்சை விளக்கைச் சிமிட்டியபடி சும்மா இருந்தது. கோகிலா பழைய துணித் துண்டு ஒன்றைப் பற்றவைத்து அதற்கு நேர் கீழே பிடித்தாள். ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனைக் கருக்கினாள். அதற்கும் பச்சை விளக்கு. மறுபடி பட்டனை அமுக்கியபோது வீடே அதிரும்படி கத்தியது.

மூன்று நாளாக வீடு வீடாக இதைத்தான் அவள் சோதனை என்று செய்திருந்தாள். வாய் இருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, மூக்கு இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

*

சென்னை அலுவலகத்தில் மெர்லின் என்ற பெண்தான் இந்த அப்டேட்டை எழுதிய குழுவில் இருந்தாள். வயதில் சின்னவள், மரியாதை தெரிந்தவள். கோகிலா மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொண்டு அவளை அழைத்தாள்.

"மெர்லின் மேடம், ஒரு வீட்டுக்காரங்க சொல்லித் தராத புகை அந்த வீட்டு மூக்குக்கு எப்படிங்க பழகும்?"

"பழைய வெர்ஷன்ல பழகாதுக்கா. புதுசுல பழகும். அதுக்குத்தானே இந்த அப்டேட்டே. ஒவ்வொரு வீட்டுலயும் மூணு மாசம் கத்திக் கத்தித்தான் கத்துக்குதுன்னு எல்லா ஊர்லயும் கம்ப்ளைன்ட். அதனால ஒரு வளாகத்துல இருக்கற அலாரம் எல்லாம் தெரிஞ்சதைத் தங்களுக்குள்ள பகிர்ந்துக்கற மாதிரி செஞ்சுட்டோம். புதுசா குடிவர்றவங்களுக்கு முதல் நாள்லேர்ந்தே தொந்தரவு இருக்காது பாருங்க."

"அப்ப ஒரு வீட்டுல மன்னிச்ச புகையை மத்த எல்லா வீட்டுலயும் மன்னிச்சிருமுங்களா?"

"மன்னிக்கறது... நல்லாத்தான் இருக்கு நீங்க சொல்றது. ஆமாக்கா."

கோகிலா மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். நான்கு கட்டடமும் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"மேடம், எங்க பி கட்டடத்துல சம்சாத் அக்கான்னு ஒருத்தங்க மசாலாப் பொடி பண்ணி விக்கறாங்க. தினமும் ரெண்டு கிலோ மொளகா வறுப்பாங்க. அவங்க மூக்கு மொளகாயை மன்னிச்சிருக்குது. ஏ கட்டடத்துல துணி தேய்க்கறவரு இருக்காரு, அங்க துணி கருகறதை மன்னிச்சிருக்குது. சி கட்டடத்துல ஒரு பையன் போன் ரிப்பேர் பண்றான், அங்க ஒயரும் பிளாஸ்டிக்கும் உருகறது பழக்கம். ஒருத்தரு மரச்சாமான் செய்யறாரு, மரம் கருகும். ஒருத்தரு சுருட்டு. ஒரு வீட்டுல சூடம், ஒரு வீட்டுல மண்ணெண்ணெய் ஸ்டவ். எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டிப் பாருங்க. ஒரு வீடு தீப்புடிச்சா, இதை விட்டா வேற என்னங்க எரியும்?"

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"பத்து வீட்டை வெச்சுத்தான் சோதிச்சோம்," என்றாள் மெர்லின் கடைசியில். குரல் மெலிந்துவிட்டது. "பத்து வீட்டுல நல்லா இருந்துச்சு. நானூறு வீட்டைக் கூட்டினா... ஐயோ அக்கா. இருங்க, நான் மேல பேசிட்டு வர்றேன்."

முக்கால் மணி நேரம் கழித்து அவளே அழைத்தாள். படிக்கட்டில் ஒளிந்து பேசுகிறவளைப் போலப் பேசினாள். "திருத்தி அனுப்பப் பன்னெண்டு நாள் ஆகும்ங்கறாங்க. அதுவரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதாம். சொன்னா ஜனங்க பயந்து அலாரத்தையே கழட்டிப் போட்டுருவாங்களாம்."

"நாளைக்குக் கார்த்திகைங்க."

"என்னது?"

"கார்த்திகை தீபம். நானூறு வீட்டுலயும் வாசல், சன்னல், பால்கனின்னு விளக்கு வெப்பாங்க. புள்ளைங்க மத்தாப்புக் கொளுத்தும். பன்னெண்டு நாள் இருக்கட்டும், நாளைக்குப் பொழுதோட நான் என்ன பண்றது?"

மெர்லின் ஒரு முடிவுக்கு வந்தாள். "நான் சொன்னதா இருக்க வேண்டாம். பட்டனைப் பதினஞ்சு வினாடி விடாம அமுக்குங்க. சிவப்பு விளக்கு மூணு தடவை மின்னும். பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடும். ஆனா படிச்சதெல்லாம் போயிரும்க்கா. பொறந்த குழந்தை மாதிரி எதுக்கெடுத்தாலும் அழும்."

"அழட்டும்ங்க. அழற குழந்தையைப் பத்தி எனக்குப் பயமில்லை."

போனை வைத்த பிறகு கோகிலா கணக்குப் போட்டாள். ஏணி, ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம், நானூற்றுப் பதினாறு வீடு. அவள் ஒருத்தி தூங்காமல் செய்தாலும் நாளை சாயங்காலத்துக்குள் முடியாது. வீட்டுக்காரர்களே செய்ய வேண்டும். அவர்கள் செய்ய வேண்டுமென்றால் சொல்லியாக வேண்டும். சொன்னால் வேலை போகும். அந்த வேலைதான் அப்பாவின் மருந்து, அப்பாவின் காற்று மெத்தை, பகலில் இரண்டு தடவை அப்பாவை எட்டிப் பார்க்கக் கிடைக்கிற வசதி.

அவளுடைய அப்பா ஆறுச்சாமி, பஸ்ஸில் கண்டக்டர் என்று ஒருவர் இருந்த காலத்தின் கடைசிக் கண்டக்டர்களில் ஒருவர். இப்போது பஸ்ஸுக்கு டிரைவரே கிடையாது. இரண்டு வருடமாக அவருக்குக் கால் இரண்டும் வேலை செய்யவில்லை. உட்காருவார், கை நன்றாக இருக்கிறது, எழுந்து நடக்க முடியாது. அவசரம் என்றால் கூப்பிட, அவருடைய பழைய விசிலையே கட்டில் கம்பியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். அதை அவர் ஊதியதே இல்லை. தண்ணீர் தாகத்துக்குக்கூட ஊதமாட்டார். அவள் வரட்டும் என்று காத்திருப்பார்.

அந்த அறைச் சீலிங்கிலும் ஒரு பச்சை விளக்கு மூன்று நாளாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழேயும் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அதை நினைத்ததும் யோசிக்க ஒன்றும் மீதி இல்லாமல் போய்விட்டது. மொட்டைமாடியிலிருந்து இறங்கினாள்.

*

சங்கச் செயலாளர் செல்லமுத்து நல்ல மனிதர்; கொஞ்சம் பயந்தவர்.

"வெளிய சொன்னா கலவரமாயிரும் அம்மிணி. அப்பறம் இன்னொண்ணு, நான் நோட்டீஸ் போட்டா இந்த வளாகத்துல எவன் படிக்கறான்? தண்ணித் தொட்டி கழுவறோம்னு மூணு தடவை அறிவிச்சேன். அன்னிக்குத்தான் எல்லாரும் துணி ஊற வெச்சாங்க."

கூடவே வந்திருந்த தமயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்டேட்டுன்னு சொன்னா எவளும் எந்திரிக்க மாட்டா. வளாகத்துக்கே திஷ்டி புடிச்சிருக்குது, ஆறு மணிக்கு எல்லா வூட்லயும் மொளகா சுடோணும்னு சொல்லுங்க. மூக்கு இருமலைன்னா பட்டனை அமுக்குங்கன்னு சொல்லுங்க. நானூறு வூடும் செய்யும்."

செல்லமுத்துவின் முகம் மலர்ந்தது. "அது நல்ல யோசனை. கம்பெனிப் பேச்சே வேண்டாம்."

"இல்லைங்க," என்றாள் கோகிலா. "மொளகா சரி. பொய் வேண்டாம். பொய் சொல்லிச் செய்ய வெச்சா, அடுத்த தடவை நெசத்தைச் சொல்லும்போது நம்ப மாட்டாங்க. நான் கையெழுத்துப் போட்டது தப்புன்னு நானே மைக்குல சொல்றேன்."

"உன்ற வேலை?"

"அதை அப்பறம் பாத்துக்கலாம்ங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்கு வளாகத்தின் ஒலிபெருக்கியில் கோகிலாவின் குரல் கேட்டது. கரகரத்துத்தான் போனது, ஆனாலும் சொல்லி முடித்தாள். மூக்குகள் கத்தும், ஆனால் முகராது. மூன்று நாளாக அப்படி. தெரியாமல் சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான். மன்னிக்க வேண்டும். ஆறு மணிக்கு எல்லோரும் ஸ்டூலில் ஏறிப் பட்டனைப் பதினைந்து வினாடி அமுக்குங்கள். எட்டாதவர்கள் துடைப்பக்கட்டையால் அமுக்குங்கள். சிவப்பு மூன்று முறை மின்னியதும் இரண்டு மிளகாயைச் சுடுங்கள். மூக்கு இருமினால் பிழைத்தோம். இருமாவிட்டால் வாசலில் வந்து நின்று கையைத் தட்டுங்கள், நான் வருகிறேன்.

கலவரம் ஒன்றும் நடக்கவில்லை. மைக்கைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது, அவ்வளவுதான்.

"எனக்கு இந்தத் திஷ்டியிலெல்லாம் நம்பிக்கை கெடையாது," என்றார் தங்கவேல் வாத்தியார், கண்ணாடியைத் துடைத்தபடி.

"நம்பிக்கை வேண்டாமுங்க சார். மொளகா இருந்தாப் போதும்," என்றாள் தமயந்தி.

"தனியா இருக்கற பசங்க வூட்ல அதுவும் இருக்காதே. அவனுக சமையக்கட்டுல சிலந்திதான் இருக்கும்," என்று ஒருவர் சொன்னார்.

சம்சாத் பேகம் தோளில் ஒரு மூட்டையோடு வந்து சேர்ந்தாள். "என் மிளகாயாலதான் இத்தனையும்னு சொன்னாங்க. என் மிளகாயாலயே தீரட்டும். வாங்கிக்கங்கப்பா. குண்டு மிளகாய், நெடி ஜாஸ்தி. ஆளுக்கு ரெண்டே ரெண்டு."

கோகிலா முதலில் தன் வீட்டுக்கு ஓடினாள். அப்பா அறை மூக்கின் பட்டனைப் பதினைந்து வினாடி அமுக்கினாள். சன்னலைத் திறந்துவைத்தாள். அப்பாவின் வாயில் ஈரத்துண்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுப்பில் ஒரே ஒரு மிளகாயைக் கருக்கினாள். 'க்ளுக் க்ளுக்.' இருமிவிட்டு ஊளையிடத் தொடங்கியது. அந்த ஊளை அவள் காதுக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

"என்னம்மிணி இது கூத்து?" என்றார் ஆறுச்சாமி துண்டுக்குள்ளிருந்து.

"வந்து சொல்றேனுங்கப்பா. நெடி போனதும் அதுவே அடங்கிரும். பயப்படாதீங்க."

ஆறு மணிக்கு நான்கு கட்டடமும் ஒரே நேரத்தில் இருமின. மனிதர்கள் இருமினார்கள், மூக்குகள் இருமின, பிறகு நானூறு மூக்கும் ஒன்றாக ஊளையிட்டன. சாலையில் போன பஸ், இது என்ன ஆபத்தோ என்று தானாகவே நின்றுகொண்டது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் ஆடின. தங்கவேல் வாத்தியார் கண்ணைக் கசக்கியபடி வெளியே வந்து, "எங்கூட்டு மூக்கு இருமிருச்சு. எனக்குத் திஷ்டி இல்லையாம்," என்று எல்லோரிடமும் சொன்னார். கையைத் தட்டியவர்கள் பதினான்கு பேர்தான். கோகிலா ஏணியோடு ஓடி ஓடி அந்தப் பதினான்கையும் சரிசெய்தாள்.

ஆறே முக்காலுக்கு அவள் மைக் மேசையருகே வந்து விழாத குறையாக உட்கார்ந்தாள். கையிலிருந்த போனில் வளாகத்தின் படம் தெரிந்தது. ஊளையிடும் மூக்கு சிவப்புப் புள்ளி, அடங்கிய மூக்கு பச்சைப் புள்ளி. காற்று அடித்து நெடி கலையக் கலைய, சிவப்பெல்லாம் பச்சையாகிக்கொண்டே வந்தது. சத்தமும் ஒவ்வொன்றாகக் குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு சிவப்புதான் பாக்கி. எங்கோ தூரத்தில் ஒரே ஒரு ஊளை.

"அது எங்கூடுதான்," என்றாள் கோகிலா, தமயந்தி நீட்டிய டீயை வாங்கிக்கொண்டே. "அப்பா ரூம்ல காத்து வராது. நெடி தங்கியிருக்கும்."

தமயந்தி தன் டீயை உறிஞ்சினாள். பிறகு நிறுத்தினாள்.

"நீதானே கண்ணு முதல்ல சுட்டே? ஒரு மணி நேரம் ஆச்சே. அதுவும் ஒத்தை மொளகா. எங்கூட்லயே அடங்கிருச்சு."

டீத் தம்ளர் எங்கே விழுந்தது என்று கோகிலாவுக்குத் தெரியாது.

நான்கு மாடி. படிக்கட்டில் அவள் எப்படி ஏறினாள் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பயந்துவிடாதீர்கள், அவள் கதவைத் திறந்தபோது ஆறுச்சாமி கட்டிலில் உட்கார்ந்துதான் இருந்தார். வாயில் ஈரத்துண்டு, தலைக்கு மேலே ஊளை. கால்மாட்டில், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து நூல் போலக் கறுப்பாகப் புகை ஏறிக்கொண்டிருந்தது. அது மிளகாய்ப் புகை இல்லை.

காற்று மெத்தைக்குக் காற்று அடைக்கும் சின்ன மோட்டார்; அதன் ஒயர் கட்டில் காலில் நசுங்கி, உள்ளுக்குள்ளேயே கனன்று, மெத்தையின் ஓரத்தைத் தின்னத் தொடங்கியிருந்தது. கோகிலா பிளக்கைப் பிடுங்கினாள். அப்பாவை இரண்டு கையாலும் அள்ளி நாற்காலியில் வைத்தாள். அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. பின்னாலேயே மூச்சிரைக்க வந்த தமயந்தி ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தாள். உஸ்ஸென்றது. முடிந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கரிந்த ஓட்டை. வேறொன்றும் இல்லை. அப்பாவின் காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. உணர்ச்சியில்லாத அந்தக் கால்களுக்கு அரை முழம் தூரத்தில் நின்றிருந்தது நெருப்பு.

மூக்கு இன்னும் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு ஓய்ந்தது.

கோகிலா தரையில் உட்கார்ந்து அப்பாவின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தமயந்தியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இந்தக் கருகல் வாசம் எத்தனை நாளாங்கப்பா?"

"முந்தாநேத்துலிருந்து லேசா வரும், போகும்," என்றார் ஆறுச்சாமி.

"ஏனுங்கப்பா விசில் ஊதலை?"

அவர் கட்டில் கம்பியைப் பார்த்தார். விசில் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. "பக்கத்து வூட்ல ஏதோ அடிப்புடிக்குதுன்னு நெனச்சேன். நீயும் மூணு நாளா ஏணியைத் தூக்கிட்டு மேல கீழ அலைஞ்சே. இதுக்கெல்லாம் உன்னைக் கூப்புடோணுமான்னு விட்டுட்டேன்."

"நீங்களும் அந்த அப்டேட் போட்டுக்கிட்டீங்களா?" என்றாள் கோகிலா.

அவருக்குப் புரியவில்லை. தமயந்திக்குப் புரிந்தது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"இனிமேல் எதுன்னாலும் ஊதோணும். சின்னது பெருசுன்னு நீங்க முடிவு பண்ண வேண்டாம். கொசு கடிச்சாலும் ஊதுங்க. நீங்க ஊதுனா எனக்குத் தொந்தரவுன்னு யாரு சொன்னது?"

ஆறுச்சாமி கையை நீட்டினார். தமயந்தி விசிலை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள். அதை வேட்டி நுனியால் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

*

மறுநாள் காலையில் மெர்லின் அழைத்தாள். இரவே கோகிலா அனுப்பியிருந்த மெத்தையின் படத்தை அவள் மேலிடத்து மேசையில் கொண்டுபோய் வைத்தாளாம். நான்கு ஊரில் அப்டேட்டைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். மற்ற வளாகங்களிலும் மிளகாய் சுடச் சொல்லி அறிவிப்புப் போகிறது. "சோதனைக்குப் பேரு வெக்கணும்னு இங்க ஒரு மீட்டிங் நடக்குதுக்கா. திஷ்டி டெஸ்ட்னு நான் எழுதிக் கொடுத்துட்டேன்." கோகிலாவின் வேலை? விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருந்தது. அதற்குப் பதிலைச் செல்லமுத்துவே உட்கார்ந்து எழுதினார். அடியில் நானூற்றுப் பதினாறு கைநாட்டு. கைநாட்டு வைக்க வரச் சொல்லி அவர் போட்ட அந்த ஒரு நோட்டீஸுக்குத்தான் வளாகத்தில் எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள்.

அன்று சாயங்காலம் கார்த்திகை. நான்கு கட்டடத்திலும் வாசல் வாசலாக அகல் எரிந்தது. மூக்குகள் பிறந்த குழந்தைகளாட்டம் அழுது தள்ளின. அப்பம் சுட்டால் அழுதது, பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சினால் அழுதது. ஒரு வீட்டிலும் யாரும் பால் கவரைத் தேடவில்லை. ஸ்டூலில் ஏறி, "நம்ம புகைதான் சாமி, நம்ம புகைதான்," என்று சொல்லிப் பட்டனை அமுக்கிவிட்டு இறங்கினார்கள்.

கோகிலா தாழ்வாரத்தில் கடைசி அகலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து விசில் சத்தம் வந்தது. நீளமாக ஒன்று.

எண்ணெய்க் கிண்ணத்தை வைத்தது வைத்தபடி ஓடினாள்.

"என்னங்கப்பா?"

ஆறுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலை படியவாரி, நெற்றியில் திருநீறு.

"பக்கத்து வூட்ல கடுகு பொரியற வாசம் வந்துது. ஊதச் சொன்னியே."

அன்றைக்கு அது ஆறாவது தடவை. கோகிலா இடுப்பில் கை வைத்து நின்று அவரைப் பார்த்தாள். சன்னல் பக்கம் போய் மோந்தாள். கடுகுதான். கூடவே கறிவேப்பிலை.

"கடுகுதானுங்கப்பா. சரியாச் சொன்னீங்க."

"அப்ப ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லைங்க."

ஆறுச்சாமி விசிலை மறுபடி வாயில் வைத்தார். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போகலாம். முப்பத்தொரு வருடம் ஊதிய பழக்கம். பஸ் முழுக்க ஜனங்கள் ஏறி முடித்துவிட்டார்களா என்று பார்க்கிறவர்போல ஒருமுறை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சின்னதாக இரண்டு ஊதினார்.

கோகிலா விளக்கேற்றப் போனாள்.